மின்னூல் வாசிப்பான் வாங்கும் முன்: மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

மின்னூல் வாசிப்பான்களில் அமேசனின் கிண்டில் வாங்கலாமா, கோபோ வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: என்ன வாசிக்கப் போகிறீர்கள், அது எந்த வகைக் கோப்பாகக் கிடைக்கிறது? இதற்குப் பதில் இருந்தால் மிச்சத் தெரிவு லேசாகிவிடும். பதில் இல்லாமல் கடைக்குப் போனால் விற்பவர் கையில் எது இருக்கிறதோ அதுதான் நமக்கும் நல்லது என்றாகிவிடும்.

இணையத்தில் இருக்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆங்கில நாவல் வாசிப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. அவர்கள் கருவியிலுள்ள கடையைத் திறந்து, பணம் கட்டி, அடுத்த நிமிடமே வாசிக்கத் தொடங்குகிறார்கள். நம்முடைய நிலை வேறு. ஈழத்து நூல்களில் பெரும்பகுதி ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆகத்தான் கிடைக்கிறது. பாடநூல்கள் ஏ4 அளவுப் பிடிஎஃப். பழைய ஆக்கங்கள் சிலரிடம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்ட் கோப்பாக இருக்கின்றன. இவற்றையெல்லாம் ஒரு கருவி எப்படிக் காட்டுகிறது என்பதை அந்த ஒப்பீடுகள் தொடுவதே இல்லை. வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை, இப்படி ஒரு கருவியைக் கையில் தொட்டே பார்க்காமல் பணம் கட்டப் போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

இந்தத் திரை எப்படி வேலை செய்கிறது

போன் திரைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது. அந்த வெளிச்சம் நேரே கண்ணுக்கு வருகிறது. மின்னூல் வாசிப்பானில் இருப்பது ஈ-இங்க் திரை. கண்ணுக்குத் தெரியாத சின்னக் குமிழ்களுக்குள் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் மிதக்கின்றன. மின்னூட்டத்தை மாற்றினால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். ஒரு பக்கம் அப்படி அடுக்கப்பட்டுவிட்டால், அடுத்த பக்கம் புரட்டும்வரை எழுத்தை நிறுத்தி வைக்க மின்சாரம் தேவையில்லை. பெட்டரி வாரக்கணக்கில் நிற்பதன் காரணம் இதுதான்.

அச்சடித்த தாளைப் போல இது வெளி வெளிச்சத்தில்தான் தெரிகிறது. கல்லடிக் கடற்கரையில் நண்பகல் வெயிலில் போன் திரை இருண்டு போகும். இது இன்னும் தெளிவாகும். இரவுக்கு, திரையின் ஓரத்தில் இருக்கும் சிறு விளக்குகள் மேற்பரப்பில் பக்கவாட்டாக ஒளியைப் பரப்பும்.

குறைகளும் இதே திரையால்தான் வருகின்றன. பக்கம் மெதுவாகத்தான் மாறும். வீடியோ சரிவராது. வேகமாக உருட்டினால் முந்தைய பக்கத்தின் சாயல் திரையில் தங்கும். ஆகவே உயர்தர மாணவருக்கு நிறப் படங்கள் நிறைந்த உயிரியல், புவியியல் பாடநூல்தான் முக்கியம், கூடவே இணைய வகுப்பும் பார்க்க வேண்டும் என்றால், அதே பணத்துக்கு ஒரு ரெப் (டேப்லெட்) வாங்கிக் கொடுங்கள். பெற்றோரிடம் இதை நான் ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். தினசரிப் பத்திரிகையின் மின்பதிப்பை முழுப்பக்கமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் இது ஏற்றதல்ல. நாவல், சிறுகதை, கட்டுரை, சமய நூல் என்று மணிக்கணக்கில் எழுத்தை வாசிப்பவர்களுக்கு, இரவில் போனில் வாசித்துக் கண் எரிகிறவர்களுக்கு, எழுத்தைப் பெரிதாக்கினால்தான் வாசிக்க முடியும் என்ற வயதில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு இது மிக நல்ல கருவி.

முதல் படி: வாசிக்கப் போவதைப் பட்டியல் போடுங்கள்

அடுத்த சில மாதங்களில் வாசிக்க நினைக்கும் நூல்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எங்கே கிடைக்கும் என்று குறியுங்கள்.

ஈழத்து நூல், சஞ்சிகை, பழைய பத்திரிகை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் நூலகம் தளம். 2005இல் தொடங்கிய இந்த எண்ணிம நூலகத்தில் இருப்பவற்றில் பெரும்பாலானவை பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்த பிடிஎஃப். பழந்தமிழ் இலக்கியம் என்றால் 1998 பொங்கலோடு தொடங்கிய மதுரைத் திட்டம். அங்கே எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குறியீடான யூனிக்கோடில் தட்டச்சு செய்த எழுத்தாகவே கிடைக்கும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் எழுத்தாளர்கள் விரும்பிப் பகிர்ந்த நூல்கள் ஈபப் என்ற மின்னூல் கோப்பாகவும், 6 அங்குலத் திரைக்கென்றே அமைத்த பிடிஎஃப் ஆகவும் இருக்கின்றன. சென்னையிலுள்ள தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களின் ஸ்கேன்கள் ஏராளம். பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலும், ஆசிரியர் வழிகாட்டிகளைத் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்திலும் இலவசமாக இறக்கலாம். வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படிக்கிறவர்களுக்கு ஆய்வுக் கட்டுரைகள்தான் கூட வரும். அவை ஏ4 அளவில், பெரும்பாலும் பக்கத்தை நெடுக்காகப் பிரித்த இரண்டு பத்தியாக இருக்கும். தற்காலத் தமிழக எழுத்தாளர்களின் மின்னூல்கள் என்றால் அமேசன்.

இப்போது பட்டியலில் எத்தனை நூல் ஓடும் எழுத்து, எத்தனை நிலையான பக்கம் என்று பாருங்கள். ஈபப் ஓடும் எழுத்து: எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடிந்து கீழே இறங்கும். பிடிஎஃப் நிலையான பக்கம்: பெரிதாக்கினால் பக்கம் முழுவதும் பெரிதாகி, வரியின் கடைசிச் சொல் திரைக்கு வெளியே போய்விடும்.

ஒரு பிடிஎஃப் ஸ்கேனா எழுத்தா என்று தெரியவில்லையா? போனில் திறந்து ஒரு சொல்லை அழுத்திப் பிடியுங்கள். எதுவும் பிடிபடவில்லை என்றால் பெரும்பாலும் அது வெறும் படம். சொல் பிடிபட்டால் அதைப் பிரதி எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் யூனிக்கோடு. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து வந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துரு. பாமினியை யூனிக்கோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. மாற்றாமல் எந்த வாசிப்பானில் போட்டாலும் குப்பையாகத்தான் தெரியும். அது கருவியின் பிழையல்ல.

வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் நூல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர் எழுத்தாளர் தன் கைக்காசைப் போட்டுச் சில நூறு பிரதி அச்சிடுகிறார். அந்த நூலை யாரோ ஸ்கேன் செய்து அனுப்பினால், அதைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். பிரதியை வாங்குங்கள்.

இரண்டாம் படி: தாளில் ஜன்னல் வெட்டுங்கள்

திரை அளவைத் தீர்மானிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. "6 அங்குலம்" என்பது மூலையிலிருந்து மூலைக்கு எடுத்த அளவு. அதை வைத்து மனக்கணக்குப் போட முடியாது. ஒரு கடதாசி மட்டையில் மூன்று ஜன்னல் வெட்டுங்கள். 6 அங்குலக் கருவிக்கு 9 சென்டிமீற்றர் அகலம், 12 உயரம். 7 அங்குலத்துக்கு 10.7 அகலம், 14.2 உயரம். 10.3 அங்குலத்துக்கு 15.7 அகலம், 21 உயரம்.

இனி வாசிக்க நினைக்கும் பிடிஎஃப்பைக் கணினியில் திறந்து, முழுப் பக்கமும் அந்த ஜன்னலுக்குள் அடங்கும்வரை சிறிதாக்குங்கள். கணினி இல்லாவிட்டால் போட்டோகொப்பிக் கடையில் ஒரு பக்கத்தை அந்த அளவுக்குச் சுருக்கி எடுத்துத் தரச் சொல்லலாம். வாசிக்க முடிகிறதா?

ஏ4 பக்கத்தின் அகலம் 21 சென்டிமீற்றர். 6 அங்குலத் திரையில் அது பாதிக்கும் குறைவாகச் சுருங்குகிறது. 12 புள்ளி (பொயின்ட்) எழுத்து 5 புள்ளியாகிவிடும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாளின் எழுத்து அளவு அது. 10.3 அங்குலத்தில் அதே எழுத்து 9 புள்ளி, தாராளமாக வாசிக்கலாம். ஆகவே பாடநூல், ஆசிரியர் வழிகாட்டி, ஆய்வுக் கட்டுரை என்றால் 10 அங்குலத்துக்குக் கீழே யோசிக்கவே வேண்டாம்.

ஸ்கேன் செய்த நாவலும் கவிதைத் தொகுதியும் அப்படியல்ல. வழமையான புத்தகம் ஏறக்குறைய 14 சென்டிமீற்றர் அகலம். நான்கு பக்க ஓரத்தையும் விட்டால் எழுத்து இருக்கும் பகுதி பத்து, பத்தரை சென்டிமீற்றர்தான். 7 அங்குலத் திரையின் அகலம் 10.7. ஓரத்தை வெட்டிவிட்டால் அச்சில் இருந்த அதே அளவில் எழுத்து தெரியும் என்று அர்த்தம். 6 அங்குலத்தில் கொஞ்சம் சிறுத்தாலும் கண் நன்றாக இருப்பவர்கள் வாசிப்பார்கள். கருவியைப் பக்கவாட்டாகத் திருப்பும் வசதி இருந்தால் அகலம் 12 சென்டிமீற்றராகி, ஒரு பக்கத்தை இரண்டு மூன்று தடவையாக இறக்கி இறக்கி வாசிக்கலாம்.

நூலகம் தளத்தின் பிடிஎஃப்களை நிறைய வாசிக்கப் போகிறவர்களுக்கு 7 அங்குலம்தான் நான் சொல்லும் அளவு. 6க்கும் 7க்கும் இடையில் காகிதத்தில் தெரியும் வித்தியாசம் சின்னது. ஸ்கேன் பக்கத்தை முன்னால் வைத்தால் அது பெரிது.

ஓரம் வெட்டுவதற்கு கேஓரீடர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கோபோவிலும் பொக்கட்புக் என்ற வாசிப்பானிலும் அன்ட்ரொயிட் கருவிகளிலும் அதை நிறுவலாம். ஓரத்தைத் தானே வெட்டும். பழுப்பேறிய பக்கம் சாம்பலாகத் தெரிந்தால் எழுத்தின் கறுப்பைக் கூட்டும். இரண்டு பத்திக் கட்டுரையைப் பத்தி பத்தியாக நகர்த்தும். கிண்டிலில் இதை நிறுவ வேண்டுமானால் கருவியின் மென்பொருள் பூட்டை உடைக்க வேண்டும். புதியவர்கள் அதில் இறங்க வேண்டாம்.

மூன்றாம் படி: கொக்கட்டிச்சோலைச் சோதனை

வேர்டில் யூனிக்கோடு தமிழில் ஒரு சிறு கோப்புத் தட்டுங்கள். முதல் வரியில் இப்படி எழுதுங்கள்: கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர், கோவில்போரதீவு, பௌர்ணமி, ஸ்ரீ, பக்ஷம்.

"கொக்கட்டிச்சோலை" என்ற ஒரு ஊர்ப்பெயருக்குள்ளேயே கருவியைத் தடுமாற வைக்கும் ஏறக்குறைய எல்லாம் இருக்கின்றன. கணினி "கொ" என்ற எழுத்தைச் சேமிக்கும்போது ககரத்தை முதலிலும் குறியைப் பின்னாலும் வைக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை எழுத்துக்கு முன்னாலும் அரவைப் பின்னாலும் பிரித்துப் போட வேண்டும். "சோ"வுக்கும் அதேதான். "லை"யில் குறி முழுவதும் முன்னால் வர வேண்டும். இந்த வேலையைத் தெரியாத மென்பொருள் கொம்பை எழுத்துக்குப் பின்னால் போடும், அல்லது குறியைத் தனியாகப் புள்ளி வட்டத்தோடு தொங்கவிடும். "ட்டி"யில் புள்ளி நகர்ந்து பக்கத்து எழுத்தின் தலையில் உட்காரும். "ஸ்ரீ" மூன்று துண்டாகும். இப்படி ஒரு பக்கத்தை வாசிப்பதே சிரமம். ஒரு நாவலை வாசிக்கவே முடியாது.

காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று வாசகர்கள் பலருக்குத் தமிழும் அறபும் ஒரே பக்கத்தில் வரும் நூல்கள் வேண்டியிருக்கும். அப்படியானால் ஒரு குர்ஆன் வசனத்தை உயிர்க்குறிகளோடு சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்துகள் ஒன்றோடொன்று இணைந்து, வலமிருந்து இடமாக ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

பிறகு நீளமான சொற்கள் நிறைந்த ஒரு பத்தியையும் போடுங்கள். தமிழ்ச் சொல் நீளமானது. சின்னத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கி, இரு ஓரமும் நேராக வரும்படி வைத்தால், சொற்களுக்கிடையில் பெரிய பெரிய இடைவெளி விழும். இடது ஓரத்தை மட்டும் நேராக வைக்கும் தெரிவு கருவியில் இருக்கிறதா என்று பார்க்க இந்தப் பத்தி உதவும்.

கோப்பைக் காலிபர் என்ற இலவசக் கணினி நிரலால் ஈபப் ஆக்குங்கள். அதோடு ஸ்கேன் நூல் ஒன்றின் இரண்டு மூன்று பக்கத்தையும் தனிப் பிடிஎஃப் ஆகச் சேமித்து, இரண்டையும் போனிலும் பென் டிரைவிலும் வைத்திருங்கள். கடையிலோ நண்பர் வீட்டிலோ ஒரு கருவியைக் கண்டால் இந்த இரண்டையும் அதில் திறந்து பாருங்கள். "எல்லாம் ஓடும் தம்பி" என்று விற்பவர் சொன்னால், சரி, ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

அமேசன் 2016 டிசம்பரில் தமிழ் மின்னூல்களை விற்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு வந்த கிண்டில்களில் தமிழ் எழுத்து இயல்பாகவே சரியாக வருகிறது. கோபோவில் கொஞ்சம் வேலை இருக்கிறது. கருவியைக் கணினியில் செருகி, ஆங்கிலத்தில் ஃபொண்ட்ஸ் என்ற பெயரில் ஒரு கோப்புறை உண்டாக்கி, நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற இலவச எழுத்துருவை அதில் போட வேண்டும். சாதாரண ஈபப்பையும், கேஈபப் என்ற தன் சொந்த வடிவத்தையும் கோபோ வெவ்வேறு மென்பொருட் பகுதியால் காட்டுகிறது. ஒன்றில் கொம்பு குழம்பினால் மற்றதில் திறந்து பாருங்கள். காலிபரின் 8ஆம் பதிப்பிலிருந்து கேஈபப் ஆக மாற்றும் வசதி உள்ளேயே இருக்கிறது.

நான்காம் படி: கடையைப் போனிலேயே திறந்து பாருங்கள்

கருவி வாங்க முன்பே கிண்டில் செயலியையும் கோபோ செயலியையும் போனில் இறக்கிக் கணக்குத் திறக்கலாம். இரண்டும் இலவசம். நாடு இலங்கை என்று சரியாகக் கொடுங்கள். பிறகு பட்டியலில் உள்ள நூல்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். விலை காட்டுகிறதா, உங்கள் நாட்டில் கிடைக்காது என்கிறதா? ஒரு மலிவான நூலை வாங்கியும் பாருங்கள். வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வங்கிக்குச் சொல்லித் திறக்க வேண்டும். கருவி வந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட முதலே தெரிந்திருப்பது நல்லது.

தமிழ் நூல் விற்பனையில் கோபோ கடை அமேசனுக்குக் கிட்ட வராது. காசு கொடுத்து வாங்கும் தமிழ் மின்னூல்தான் உங்கள் பட்டியலில் அதிகம் என்றால், கிண்டில்தான் வழி. ஆனால் அமேசனில் வாங்கிய நூல் பெரும்பாலும் அமேசனின் மென்பொருள் பூட்டோடுதான் வரும், அப்படிப் பூட்டியதைக் கோபோ போன்ற வேறு வாசிப்பானுக்குக் கொண்டுபோக முடியாது. வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கி யூஎஸ்பி வழியாக மாற்றும் வசதியையும் 2025 பெப்ரவரியில் அமேசன் எடுத்துவிட்டது. முதல் கருவியைத் தெரிவு செய்யும்போதே இனி வாங்கப் போகும் நூல்களுக்கும் சேர்த்துத்தான் தெரிவு செய்கிறீர்கள்.

கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

2024இல் வந்த அடிப்படைக் கிண்டில் 6 அங்குலம், 160 கிராமுக்கும் குறைவு. வெளியானபோது அமெரிக்க விலை 110 டொலர். அதில் தண்ணீர்ப் பாதுகாப்பு இல்லை, விளக்கின் நிறத்தை மஞ்சளாக்கவும் முடியாது. அதே ஆண்டின் பேப்பர்வைட் 7 அங்குலம், 160 டொலர். இரண்டு குறையும் அதில் இல்லை. கணினி இல்லாத வீட்டுக்குக் கிண்டிலின் பெரிய நன்மை "சென்ட் டு கிண்டில்". போனிலிருந்து ஈபப், வேர்ட், பிடிஎஃப் எதையும் மின்னஞ்சலில் அனுப்பினால் வைஃபை வழியாகக் கருவிக்கு வந்துவிடும். கம்பி தேவையில்லை. ஈபப்பை யூஎஸ்பியால் நேரே போட்டால் மட்டும் கிண்டில் திறக்காது.

கோபோ கனடாவில் தொடங்கி, இப்போது ஜப்பானின் ரக்குட்டனுக்குச் சொந்தமானது. கிளாரா பிளக் அன்ட் வைட் 6 அங்குலம், 130 டொலருக்கு வந்தது. இந்த விலையிலேயே தண்ணீர்ப் பாதுகாப்பும் மஞ்சள் விளக்கும் உண்டு. லிப்ரா கலர் 7 அங்குலம், 220 டொலருக்கு வந்தது, பக்கம் புரட்டப் பொத்தான் இருக்கிறது. ஈபப்பை நேரடியாக ஏற்கும். அன்ட்ரொயிட் போனோடு ஓடிஜி கம்பியால் இணைத்தும் கோப்புப் போடலாம். இலவச நூல்களும் ஸ்கேன்களும் அதிகம் வாசிப்பவர், கொஞ்சம் மென்பொருள் வேலைக்குப் பஞ்சிப்படாதவர் என்றால் லிப்ராவை எடுங்கள்.

பொக்கட்புக் பல கோப்பு வகைகளை நேரே திறக்கும் நல்ல கருவி. இங்கே பார்த்து வாங்குவது கஷ்டம். ஒனிக்ஸ் பூக்ஸ் அன்ட்ரொயிட்டில் ஓடுகிறது, கிண்டில் செயலியையும் கோபோ செயலியையும் ஒன்றாகவே போடலாம். 10.3 அங்குலத்திலும் கிடைக்கிறது. விலை கூட, பெட்டரி மற்றவற்றைவிடச் சீக்கிரம் இறங்கும். ஏ4 பிடிஎஃப் வாசிக்கும் பல்கலைக்கழகத்தாருக்கு அதுவும் 10 அங்குலத்துக்கு மேற்பட்ட கிண்டில் ஸ்கிரைபும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவை.

நிறத் திரையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கலீடோ 3 என்ற திரையில் கறுப்பு எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளி, நிறம் 150 புள்ளி. மேலே நிற வடிகட்டி இருப்பதால் வெள்ளைப் பகுதி சற்று மங்கிச் சாம்பலாகத் தெரியும், விளக்கைக் கூட்ட வேண்டிவரும். எழுத்து மட்டும் வாசிப்பவருக்குக் கறுப்பு வெள்ளையே தெளிவு. சிறுவர் படக்கதைக்காக வாங்குகிறவர்கள் நிறத்தை யோசிக்கலாம்.

சேமிப்பிடத்துக்குக் காசைக் கூட்டிக் கொடுக்க வேண்டாம். 16 ஜீபீ எழுத்து நூல்களுக்கு ஆயுளுக்கும் போதும். ஸ்கேன்களையும் நூற்றுக்கணக்கில் வைத்திருக்கலாம்.

நம்மூர்க் காற்றும் மழையும்

தண்ணீர்ப் பாதுகாப்புக்கு ஐபிஎக்ஸ்8 என்று குறித்த கருவிகள் நல்ல தண்ணீரில் 2 மீற்றர் ஆழத்தில் ஒரு மணிநேரம் தாங்கும் என்பது உற்பத்தியாளர் சொல்லும் கணக்கு. கடல்நீருக்கு அது பொருந்தாது. பேப்பர்வைட்டுக்கு அமேசன் சொல்லும் கடல்நீர் அளவு கால் மீற்றர் ஆழத்தில் 3 நிமிடம் மட்டுமே. பாசிக்குடாவில் நனைந்துவிட்டால் நல்ல தண்ணீரில் அலசி, சார்ஜ் துளை முழுதாகக் காயும்வரை கம்பியைச் செருகாதீர்கள். கரையோர வீடுகளில் உப்புக் காற்று அந்தத் துளையைத்தான் முதலில் அரிக்கும். மூடியுள்ள உறை நல்லது.

மார்கழி மழையில் படுவான்கரைப் பாடசாலைகளுக்கு நாளாந்தம் போய்வரும் ஆசிரியர்களுக்குத் தண்ணீர்ப் பாதுகாப்பு அவசியம் என்றே சொல்வேன். அதைவிட அவசியம் கெட்டியான உறை. ஈ-இங்க் திரைக்குள் மெல்லிய கண்ணாடி இருக்கிறது. நெரிசல் பஸ்ஸில் பையை யாராவது நெருக்கினாலே, வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே உடைந்து, பாதிப் பக்கம் கோடுகோடாக உறைந்துவிடும். திரை மாற்றும் செலவு புதுக் கருவியின் விலைக்குக் கிட்ட வரும்.

பெட்டரியைப் பொறுத்தவரை விளம்பரத்தின் கணக்கை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். "ஆறு வாரம்" என்றால் நாளுக்கு அரை மணிநேரம், வைஃபை நிறுத்தி. மொத்தம் 21 மணிநேர வாசிப்பு. நாளுக்கு இரண்டு மணிநேரம் வாசிப்பவருக்குப் பத்து நாள். 2022இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் வெட்டிய காலத்தை நினைத்தால் அதுவே பெரிய வசதி. உதயதேவி ரயிலில் கொழும்புக்குப் போய்த் திரும்பும்வரை சார்ஜைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை.

வாங்கும் வழிகள்

அமேசனுக்கு இலங்கையில் கடை இல்லை. கொழும்பு பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசா போன்ற இடங்களிலும், இணையச் சந்தைகளிலும் விற்பவை இறக்குமதியாளர் கொண்டுவந்தவை. உத்தரவாதம் அந்தக் கடை தருவதுதான். எத்தனை மாதம், திரை உடைந்தால் என்ன என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். எத்தனையாம் தலைமுறை, எந்த ஆண்டு மாதிரி என்றும் கேளுங்கள். "பேப்பர்வைட்" என்ற பெயரில் 6 அங்குலம், 6.8 அங்குலம், 7 அங்குலம் மூன்றும் சந்தையில் இருக்கின்றன. சார்ஜ் துளை யூஎஸ்பி-சி என்றால் பேப்பர்வைட்டில் 2021 அல்லது அதற்குப் பிந்தியது; பழைய மைக்ரோ யூஎஸ்பி என்றால் 2018 அல்லது அதற்கு முந்தியது.

நேரடியாக வெளிநாட்டிலிருந்து பார்சலில் எடுத்தால் அனுப்பும் கூலி, சுங்கம், 2024 முதல் 18 சதவீதமாகியிருக்கும் வற் வரி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுக் கடை விலையோடு ஒப்பிடுங்கள்.

நம் பக்கத்தில் பலர் செய்வது கட்டார், டுபாய், கனடாவில் இருக்கும் சொந்தக்காரரிடம் சொல்லிவிடுவது. கனடாவில் கோபோவை இண்டிகோ புத்தகக் கடையிலேயே எடுக்கலாம். மாமாவோ மச்சானோ கொண்டுவருவதென்றால் இரண்டு விடயம் சொல்லிவிடுங்கள். ஒன்று, புறப்படுவதற்கு ஓரிரு வாரம் முன்பே வாங்கி, பெட்டியைத் திறந்து ஒருமுறை இயக்கிப் பார்க்கட்டும். பழுதென்றால் அங்கேயே மாற்றலாம், இங்கே வந்த பிறகு முடியாது. இரண்டு, அமேசனில் கிண்டில் வாங்கும்போது அது பரிசு என்று குறிக்கட்டும். குறிக்காவிட்டால் கருவி அவருடைய கணக்கில் பதிவாகி வரும். அவருடைய நூல்களும் அட்டையும் உங்கள் கையில் இருக்கும். அப்படி வந்துவிட்டால் அமைப்புகளில் பதிவை நீக்கி உங்கள் கணக்கில் பதியுங்கள். விலை குறைந்த அமெரிக்கக் கிண்டில்களில் பூட்டுத் திரையில் விளம்பரம் வரும், அதையும் முதலே சொல்லி வைக்கலாம்.

பழைய கருவி வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் விற்பவர் முன்னாலேயே இவற்றைச் செய்யுங்கள். கருவி அவருடைய கணக்கிலிருந்து நீக்கப்பட்டு, உங்கள் போனின் ஹொட்ஸ்பொட்டில் இணைந்து, உங்கள் கணக்கில் பதிவாக வேண்டும். திருட்டுப்போனதாக முறையிட்ட கருவி இந்த இடத்தில்தான் மாட்டும். பெற்றோர் கட்டுப்பாட்டுக் கடவுச்சொல் ஏதும் போட்டிருந்தால் அதை எடுத்துத் தரச் சொல்லுங்கள். முழு வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, விளக்கை உச்சத்துக்குக் கூட்டி, மூலைகளில் நிழலோ பிரகாசப் புள்ளியோ இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து வெள்ளைக் கோடு தேடுங்கள். பெட்டரி வீதத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு ஐம்பது பக்கம் வேகமாகப் புரட்டுங்கள். ஐந்து ஆறு வீதம் இறங்கினால் பெட்டரி களைத்துவிட்டது. 2012க்கு முந்திய கிண்டில் கீபோர்ட், டிஎக்ஸ் போன்றவை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்; அவற்றில் கடையைத் திறந்து நூல் வாங்கும் வசதியை அமேசன் 2022இலேயே நிறுத்திவிட்டது, தமிழும் அவற்றில் ஒழுங்காக வராது.

புதுக் கருவியிலும் இதே வெள்ளைப் பக்க, கறுப்புப் பக்கச் சோதனையைப் பெட்டி திறந்த அன்றே செய்து, கடை கொடுத்த மாற்றிக்கொள்ளும் காலத்துக்குள் குறையைச் சொல்லிவிடுங்கள். முதல் முறை வைஃபையில் இணைந்ததும் மென்பொருள் இற்றைப்படுத்தலுக்கு நேரம் எடுக்கும். அது முடியும்வரை சார்ஜில் விட்டு, பிறகு கொக்கட்டிச்சோலைக் கோப்பை ஏற்றுங்கள்.